கத்தரிப்பூக் கம்பெனி

நீலம் முதலில் வந்தது, அதனால் அதற்குக் கடை வாசல் கிடைத்தது. அடுத்து வந்த பச்சைக்குக் கண்ணாடி அலமாரியும், அதற்கடுத்து வந்த மஞ்சளுக்கு ஃபேனுக்கு நேர் கீழே ஒரு மேசையும் கிடைத்தன. கோவில்பட்டி பஜாரில் இன்னொரு போன் கம்பெனிக்கு இடமே இல்லை என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்ட பிறகு வந்து சேர்ந்த கத்தரிப்பூவுக்கு, கக்கூஸுக்குப் போகிற வழியில், தண்ணீர் கேனுக்கும் பழைய அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில், ஒரு முக்காலி போடுகிற அளவுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கம்பெனிக்கும் கடல் தாண்டிய ஊரில் யாரோ யோசித்து வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. லிங்கம் மொபைல்ஸ் முதலாளி லிங்கதுரை அண்ணாச்சி அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டவர்போல் நாக்கைச் சுழற்றிவிட்டு, அத்தோடு கைவிட்டார். எங்கள் ஊரில் போன் கம்பெனிகளுக்குப் பெயர் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் போனை விற்கத் தன் சம்பளத்தில் ஓர் ஆளைக் கடைக்குள் நிறுத்தி, அந்த ஆளுக்குத் தன் நிறத்தில் ஒரு பனியனை மாட்டிவிடும். ஊர் அந்த நிறத்தையே பெயராக வைத்துவிடும். நல்ல நிறங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் புதியவனுக்கு மிஞ்சியது கத்தரிப்பூ. பனியன் வந்திறங்கிய அன்றைக்கே பஜார் அதைக் கத்தரிக்காய் போன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பனியனைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு முக்காலிக்குப் பக்கத்தில் நின்றவள் ராஜகனி. அவளுக்கு முப்பது வயது. கல்யாணம் ஒன்று நடந்து, சரிவராமல், பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்ட பிறகு, உடன்குடியில் அண்ணன் ஆதிலிங்கத்தின் வீட்டில், பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சில வருஷம் இருந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மதினியும் சொன்னதில்லை. ஆனால் யாரும் ஒரு வார்த்தையும் சொல்லாத வீட்டிலும் இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும் என்பது அப்படி உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். வேலை கிடைத்துக் கோவில்பட்டிக்கு வந்து, ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே மாடியறை பிடித்தபோது, பாய்க்கும் பாத்திரத்துக்கும் முன்னால் அவள் வாங்கியது ஒரு பூட்டு. அதைத் தானே பூட்டுவதும் தானே திறப்பதும் அவளுக்கு அலுக்கவே இல்லை.

அண்ணன் தினமும் மத்தியானம் கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்பார், கடையில் கூட்டமா என்பார், வைக்கப்போகும்போது மறக்காமல் ஒன்று சொல்வார்: "உன் ரூம் அப்படியே இருக்கு, கனி." அந்த ஒரு வரி ராஜகனிக்குப் பிடிக்காது. நீ எப்படியும் தோற்றுப்போய்த் திரும்பி வருவாய், அதுவரை காத்திருக்கிறோம் என்று அவளுக்கு அது கேட்கும்.

கம்பெனியின் ஏரியா மேனேஜர் மதுரையிலிருந்து வருவார். அவர் காதில் எப்போதும் ஒரு போன் இருக்கும். அது நீலக் கம்பெனி போன் என்பதை ராஜகனி முதல் நாளே பார்த்துவிட்டாள். "தீபாவளி வரைக்கும் பாப்போம்மா," என்றார் அவர், போனை மறைத்துக்கொண்டு. "இந்தப் பழைய ஆளுங்களோட மோதி நிக்க முடிஞ்சா நிப்போம். இல்லன்னா போர்டைக் கழட்டி லாரியில ஏத்திருவோம்." போர்டு லாரியில் ஏறினால் தான் உடன்குடி பஸ்ஸில் ஏறவேண்டும் என்று ராஜகனிக்கு அவர் சொல்லாமலே விளங்கியது.

ஆனி மாசம் முழுக்க யாரும் வாங்கவில்லை. கக்கூஸுக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் முக்காலியைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். விற்பனை அடியோடு இல்லாத மாசத்தில் எல்லா நிறத்து ஆட்களும் செய்வதை ராஜகனியும் செய்தாள். தன் கைக்காசில் ஒரு போனை வாங்கி, விற்றதாகக் காட்டிவிட்டு, அண்ணனுக்கு அனுப்பிவைத்தாள். அவர் அடுத்த வாரமே சொன்னார்: "நல்ல போனு கனி. சார்ஜ் போடவே வேண்டியதில்ல, போட்டது போட்டபடி நூறுலயே நிக்குது." தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

பிறகு ஆடிக்காற்று அடித்தது, பஜார் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது, புதுசு வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் நீலம் இருண்டது, அலமாரியில் பச்சை இருண்டது, ஓடாத ஃபேனுக்குக் கீழே மஞ்சள் இருண்டது. கக்கூஸ் வழியில் முக்காலி மேல் மட்டும், ஆட்கள் தொட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த கத்தரிப்பூ டெமோ போன்கள் ஒன்றுவிடாமல் நூறு காட்டிக்கொண்டு பளபளவென்று எரிந்தன. மிக்கேல்தான் முதலில் வந்து குனிந்து பார்த்தார். பத்து வருஷமாக நீலப் பனியனில் நின்று பஜாரில் பாதிப் பேருக்குப் போன் மாட்டிவிட்டவர் அவர். முக்காலிக்குக் கீழே வயர் தேடினார், அட்டைப்பெட்டிகளை நகர்த்தினார், கேனைத் தூக்கினார். அந்த மூலையில் பிளக் பாயின்டே கிடையாது. ராஜகனி அந்தப் போன்களுக்கு வந்த நாளிலிருந்து சார்ஜ் போட்டதே இல்லை; போடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை, அவளுக்குத்தான் தீபாவளி தீபாவளி என்று வேறு நினைப்பே இல்லாமல் இருந்ததே.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் எங்கள் ஊரில் இன்னும் சண்டை உண்டு. டீக்கடைக்காரர் நான்தான் என்கிறார், ஆஸ்பத்திரி ஆயா நான்தான் என்கிறாள். கண்டுபிடித்தது இதுதான்: கத்தரிப்பூ போன் கரண்டை ஏற்காது, கையில் வைத்திருக்கிற ஆளின், கீழே வைத்திருந்தால் அதற்குப் பொறுப்பான ஆளின், கவலையில் சார்ஜ் ஏறும், அந்த ஆள் நிம்மதியானால் இறங்கும். போன ஆயுதபூஜைக்கு எல்லா நிறத்துக்கும் சந்தனப் பொட்டு வைத்தபோது, விற்க ஆள் வருவதற்குப் பல மாசம் முன்னாலேயே வந்திறங்கியிருந்த கத்தரிப்பூப் பெட்டியை மட்டும் பொரிமூட்டைக்குப் பின்னால் மறந்துவிட்ட தோஷம் என்று அண்ணாச்சியின் மனைவி சொன்னாள். மதுரையிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, சாதாரண பேட்டரிதான் என்று சொல்லி, மாட்டிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். அவர் கையில் இருந்தவரை அதுவும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. யாரும் வியக்கவில்லை. காற்றடித்தால் கரண்ட் போகிற ஊரில், எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் கவலைக்குத் தட்டுப்பாடு வராத ஊரில், இத்தனை நாள் இதை ஏன் ஒரு கம்பெனிக்காரனும் செய்யவில்லை என்றுதான் கேட்டார்கள்.

வாங்கினார்கள். வளைகுடாவில் பிள்ளையை விட்டுவிட்டு இருக்கிறவர்கள் வாங்கினார்கள், கோர்ட்டில் கேஸ் நடத்துகிறவர்கள் வாங்கினார்கள், பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தகப்பனும் தகப்பனுக்குப் பிள்ளையும் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். காய வைத்த குச்சியின் மேல் மேகம் வந்து நின்றால் போதும், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளின் சட்டைப்பையெல்லாம் நூறு காட்டியது. கவலை குறைந்தவர்கள் பாடுதான் திண்டாட்டமாக இருந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு, சர்க்கரைகூட இல்லாமல், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற ஒரு சிலர், அணைந்த போனை எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு வாசலுக்குப் போய், உள்ளே மகளை அனுப்பிவிட்டு நிற்கிற தாய்மார்களிடம், "கொஞ்சம் வச்சிருக்கியளாம்மா, ரெண்டு கோடு ஏறட்டும்" என்று கெஞ்சினார்கள். அந்தத் தாய்மார்கள் ஆளுக்கு நாலைந்து போனை மடியில் கட்டிக்கொண்டு நின்றார்கள். குழந்தை பிறந்த சத்தம் கேட்டதும் மடியிலிருந்த எல்லாம் ஒரே சமயத்தில் அணையும். போன்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "பிள்ளையும் தாயும் நல்லாருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போனார்கள்.

சுகமா இருக்கீங்களா என்ற பேச்சு போய், எவ்வளவு நிக்குது என்ற பேச்சு வந்தது. நாற்பதில் ஓடுகிற வீடு நல்ல வீடு என்று கணக்காயிற்று. ஆனால் ஊருக்குள் ஒரு நிலைகொள்ளாமையும் வந்து சேர்ந்தது. எடுத்துப் பார்ப்பார்கள், வைப்பார்கள், வைத்த கை சூடு ஆறுமுன் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், நூறு காட்டினால் எனக்கு என்ன இவ்வளவு கவலை என்று ஒரு கவலை வரும், பத்துக்கு இறங்கினால் அணைந்துபோகுமோ என்று ஒரு கவலை வரும், அந்தக் கவலையில் அது மறுபடி ஏறும், ஏறியதைப் பார்த்து மறுபடி ஒன்று வரும். பஜாரில் எதிரே வருகிறவர்மேல் மோதாமல் நடக்கிற ஆளே இல்லை.

அண்ணாச்சி வியாபாரி. ஆவணி பிறந்ததும் நீலத்தை வாசலிலிருந்து எடுத்து உள்ளே தள்ளிவிட்டு, கத்தரிப்பூவை வாசலில் வைத்தார். தள்ளிய நீலம் எங்கே போகும், கக்கூஸ் வழிக்குத்தான் போயிற்று. ராஜகனி வாசல் வெயிலில் நின்று விற்றாள், விற்றாள், குரல் கட்டுகிற வரைக்கும் விற்றாள். இரவு பூட்டைப் போட்டுவிட்டுப் படுத்தால் விடியும்வரை புரளாமல் தூங்கினாள். போர்டு லாரியில் ஏறாது, தானும் பஸ்ஸில் ஏறவேண்டாம் என்று அவள் மனசு அடங்கிய அந்த வாரத்தில்தான் வாசலில் இருந்த டெமோ போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "என்னம்மா இது, கடையா இழவு வீடா? ஒண்ணுல வெளிச்சம் இல்ல! இப்படி வச்சிருந்தா தீபாவளிக்கு முன்னாடியே கழட்டிருவேன்." அவர் சொல்லி வாய் மூடுமுன் எல்லாப் போனும் குபீரென்று எரிந்தன. மேனேஜர் போன்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு மிகவும் கனிவாக, அடுத்த மாசத்துக்கான டார்கெட்டைக் கூட்டிச் சொன்னார். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து, ஒரு பயத்தைக் காட்டி, எரியவைத்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாயிற்று. ஆனால் வியாபாரம் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் பஸ் ஏறியதும் ராஜகனிக்குப் பயம் போய்விடும், போன்களும் இருண்டுவிடும்.

அப்படி இருண்டு கிடந்த ஒரு மத்தியானம் மிக்கேல் கடைக்குள்ளிருந்து எழுந்து வந்தார். கேலி பண்ணத்தான் வந்தார். "என்ன தங்கச்சி, கத்தரிக்கா வாடிட்டோ?" என்று ஒரு டெமோ போனைக் கையில் எடுத்தார். அது அவர் விரல் பட்டதும் எரிந்து, மளமளவென்று ஏறி, நூறில் போய் நின்றது. இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்க மேனேஜர் நேத்து கூப்பிட்டான்," என்றார் மிக்கேல், அவளைப் பார்க்காமல். "பத்து வருஷம் நின்ன இடத்தை விட்டுட்டு கக்கூஸ் பக்கம் என்னய்யா பண்ணுதீருன்னு கேக்கான். வீட்ல இன்னும் சொல்லல."

"நான் என்ன அண்ணே செய்ய?" என்றாள் ராஜகனி.

"நீ என்ன செய்வ. விக்கணும். வித்துட்டு இரு."

அவருக்காக அவளுக்கு வருத்தமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க அவள் குனிந்து கண்ணாடியைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் வாசலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. மிக்கேல் வந்து நின்று போனார், பச்சைப் பனியன் வந்து நின்றது, மஞ்சள் பனியன் வந்து நின்றது, பக்கத்துக் கடை ஆட்களும் என்னதான் இருக்கிறது இதில் என்று வந்து தொட்டுப் பார்த்தார்கள். அவள் எவ்வளவு விற்றாளோ அவ்வளவு அவர்கள் பயந்தார்கள், அவர்கள் எவ்வளவு பயந்தார்களோ அவ்வளவு அவள் வாசல் எரிந்தது. புதிதாக வந்தவன் பழைய ஆட்களோடு மோதி நிற்க முடியுமா என்று கேட்டவர்களெல்லாம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். புரட்டாசியில் இரும்புக்கடைப் பெரியவர் இறந்துபோனார். வாழ்ந்து முடித்த சாவுதான். நடுவீட்டில் கிடத்தி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கையில், சம்பந்தி வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்று யாரோ மூத்த மகனின் போனைக் கேட்டார்கள். அது அணைந்து கிடந்தது. நடு மகன் போனைக் கேட்டார்கள், அதுவும் அணைந்து கிடந்தது. இளையவன் போனை எடுக்கவே இல்லை, பையைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். அப்பா கிடக்கையில் மூன்று ஆம்பளைப் பிள்ளைகளும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள் என்பது துஷ்டிக்கு வந்த சனம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மூன்றாவது மருமகள் போன் மட்டும் நூறில் நின்றது. மாமனார்மேல் இப்படி ஒரு பாசமா என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் தவித்தது பெரியவர் இடுப்பிலிருந்த பீரோ சாவிக்காக என்பது பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகுதான் தெரிந்தது.

கல்யாணப் பேச்சும் அப்படித்தான் ஆயிற்று. பெண் பார்க்கப் போனவர்கள் காப்பியை வாங்குவதற்கு முன் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் தலைகுனிந்து நிற்கிற பிள்ளைக்கு நூறு காட்டாமல் எத்தனை காட்டும்? பிள்ளைக்கு மனசு வேறெங்கேயோ இருக்கிறது என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்கள். அதோடு, பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணுக்கு நீலத்தை வாங்கினார்கள். நல்லது கெட்டதுக்குப் போகும்போது மட்டும் எடுத்துப்போக என்று ஆண்கள் ஒரு நீலத்தை வாங்கினார்கள். பிறகு அதையே கடைக்கும் எடுத்துப்போனார்கள். பிறகு கத்தரிப்பூவை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்கள். இருட்டுக்குள்ளே அது எரிகிறதா அணைகிறதா என்று பார்க்கிற தைரியம் ஒருவருக்கும் இல்லை.

விற்பனை நின்றதும் ராஜகனிக்குப் பழைய பயம் திரும்பியது. தீபாவளி வேறு நெருங்கிவிட்டது. அவள் வாசல் முன்னெப்போதையும்விடப் பளீரென்று எரிந்தது, ஆனால் இந்த ஊருக்கு இப்போது அந்த வெளிச்சத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டிருந்தது. வந்தவர்கள் நூறைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள். "விக்குத பிள்ளைக்கே இந்தப் பயம், நாம என்னத்துக்கு வாங்கணும்?" என்று உள்ளே நடந்தார்கள். அவள் பயந்தால் ஓடினார்கள், ஓடுவதைப் பார்த்து இன்னும் பயந்தாள். ஒரு போனாவது நாற்பதில் நின்றால், நல்ல வீட்டுப் போன் மாதிரி அமைதியாக நின்றால், யாராவது வாங்குவார்கள் என்று தோன்றியது. அவள் உள்ளே போய், "மிக்கேல் அண்ணே, இதைச் செத்த பிடிங்களேன்" என்று ஒரு டெமோ போனை நீட்டினாள்.

மிக்கேல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எண் தொண்ணூறுக்கு இறங்கியது, எழுபதுக்கு இறங்கியது. நாற்பதில் நில் நில் என்று ராஜகனி மனசுக்குள் கெஞ்சினாள். அது நிற்கவில்லை. முப்பது, பத்து என்று சறுக்கி, மிக்கேலின் உள்ளங்கையில் கரியாய் அணைந்தது.

மிக்கேலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் வேணும்னு செய்யல தங்கச்சி," என்றார். "மாதா சத்தியமா. நேத்து நல்லாத் தூங்கிட்டேன், அவ்வளவுதான்."

அந்தக் கணத்தில் ராஜகனிக்குக் கம்பெனி தோற்றுப்போனது தெரிந்துவிட்டது. மேனேஜருக்குக்கூட அது தீபாவளிக் கணக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீலம் பயந்துகொண்டிருந்தவரைதான் கத்தரிப்பூவுக்கு உயிர் இருந்தது. நீலம் தூங்க ஆரம்பித்துவிட்டது.

தீபாவளி கழிந்ததும் லாரி வந்தது. போர்டை இறக்கினார்கள், டெமோ போன்களைப் பெட்டியில் போட்டார்கள், ராஜகனி பனியனைத் தலைவழியே கழற்றி மடித்துக் கொடுத்தாள். மேனேஜர் காதில் போனோடு, "வேற ஊர்ல பாப்போம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். மிக்கேலும் அண்ணாச்சியுமாக நீல மேசையை மறுபடி வாசலுக்குத் தூக்கினார்கள். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணாச்சி கூப்பிட்டார்.

"எங்க போற?"

"ரூமுக்கு அண்ணாச்சி."

"நாளைக்கு எப்ப வருவ?"

அவள் விழித்தாள். "கம்பெனியே போயிட்டே, அண்ணாச்சி."

"கம்பெனிதான போச்சு, கடை இருக்குல்லா? நிறத்துக்கு ஒரு ஆள் நிக்கான் இங்க, என் கடைக்குன்னு ஒரு ஆள் இல்ல. வாறவனுக்கு எது வேணுமோ அதைச் சொல்லி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும். பனியன் கிடையாது. உன் துணியில வா."

ராஜகனி சரி என்றாள். மாடியேறி, பூட்டைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டு, வெறுந்தரையில் படுத்தாள். இத்தனை மாசமாக எது வந்துவிடும் வந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தாளோ அது வந்து போய்விட்டது. அறை இருந்தது, பூட்டு இருந்தது, அவளும் இருந்தாள். கீழே பாகு காய்ச்சுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. விற்கிற ஆள் தன் நிறத்துப் போனைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டப்படி அவளிடம் இருந்ததும் கத்தரிப்பூதான்; வாசல் டெமோ போன்கள் இருண்ட நாட்களிலும் அண்ணன் சொல்லும் அந்த ஒரு வரி கிளப்பிய பயத்தில் ஒருநாளும் அணைந்தறியாத அது, ஜன்னல் விளிம்பில் இருந்தபடி சத்தமில்லாமல் இறங்கி அணைந்ததை அவள் பார்க்கவில்லை. மத்தியானம் வழக்கமாக வருகிற அழைப்பு வரவில்லை என்பதும் அவளுக்கு நினைப்பில்லை. தூங்கினாள்.

மறுநாள் காலையில் கதவு இடிபட்டது. திறந்தால் அண்ணன் ஆதிலிங்கம் நிற்கிறார். அரைக்கைச் சட்டையில் மிளகாய்வற்றல் நெடி, இடுப்பில் கடைச் சாவிக்கொத்து, ஏறிவந்த மூச்சு அடங்கவில்லை. அப்பா செத்த அன்றைக்குத் தவிர அவர் கடையைப் பூட்டி ராஜகனி பார்த்ததில்லை.

"போன் அணைஞ்சு கிடக்கே," என்றார். "நேத்து மத்தியானத்துலேருந்து கூப்பிடுதேன், கூப்பிடுதேன். ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப்ங்கா. என்னமோ ஏதோன்னு முத பஸ்ஸைப் பிடிச்சு வாரேன்."

அவர் கையில் அவள் அனுப்பிய போன் இருந்தது. அதில் நூறு.

"எப்பவும் இப்படித்தான் நிக்குமா அண்ணே?"

"நீ அனுப்புன நாள்லேருந்து. ஒரு கோடு இறங்குனதில்ல. மதினிகூடச் சொல்லுவா, ராசியான போனுன்னு."

சரக்கைப் பற்றிய கவலை, விலைவாசியைப் பற்றிய கவலை, வியாபாரிக்கு இல்லாத கவலையா என்றுதான் ராஜகனி நினைத்திருந்தாள். அது தன்னைப் பற்றிய கவலை என்று இப்போதுதான் விளங்கியது. அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தேயிலையைப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், கதவில் தொங்கிய பூட்டைக் கையில் எடுத்து, ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுச் செய்வதுபோல் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல பூட்டுதான்," என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி வந்ததைச் சொன்னாள், போர்டு போனதைச் சொன்னாள், அண்ணாச்சி கூப்பிட்டதைச் சொன்னாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, "அண்ணே, அந்த ரூமை இனி சரக்குப் போட வச்சுக்கோ" என்றாள்.

ஆதிலிங்கம் அவள் முகத்தையே பார்த்தார். வீம்புக்குச் சொல்கிறாளா, அழுதுவிட்டுச் சொல்கிறாளா என்று அவர் பார்த்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம் அது. அவர் பிடரி தளர்ந்தது, முதுகு சுவரில் சாய்ந்தது. மடியில் கிடந்த போனில் எண் இறங்க ஆரம்பித்தது.

"ஏ, என்ன இது, இறங்குது? ரிப்பேர் ஆயிட்டோ?"

"இல்ல அண்ணே. நல்லாத்தான் இருக்கு."

"ஐம்பதுக்கு வந்துட்டே. வயர் இருந்தா எடுத்து மாட்டு."

"இதுக்கு வயர் கிடையாது." அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது, சிரிப்பும் வந்தது. "நீ டீயைக் குடி."

அவர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் அது அணைந்துவிட்டது. ராஜகனி அதை வாங்கி ஜன்னல் விளிம்பில், தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் இருட்டாகக் கிடந்தன.

"உங்க மதினி அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருப்பா," என்றார் அண்ணன். "நீ நல்லாருக்கன்னு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லணுமே. இப்ப என்னத்தை வச்சுச் சொல்ல?"

"கீழ மிட்டாய்க் கடையில நீலம் இருக்கு, வாங்கிப் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு, ராஜகனி பூட்டை எடுத்துக்கொண்டாள்.